கரண்ட் வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்வது ஏன்? பிசியோதெரபி மதிப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்ப்பக்கம் ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். முதல் நாள் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே எதிர்பார்ப்போடுதான் வருவார்கள். படுக்க வைப்பார், வலிக்கிற இடத்தில் கரண்ட் வைப்பார், இரண்டு உடற்பயிற்சி சொல்லி அனுப்புவார் என்று. நானோ ஸ்டாப்வாட்சும் இஞ்ச் டேப்பும் எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அவர்களை உட்கார வைத்து, எழ வைத்து, நடக்க வைத்து எழுதிக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் வருகிற கேள்விகள்தாம் இவை.

வலிக்கிறது என்றுதானே வந்தேன்? உட்கார், எழு, நட என்று எதற்கு இத்தனை பரீட்சை?

வலி எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அந்த வலியால் உங்களுக்கு எது நின்று போனது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதுதான் என் வேலைக்கு அடிப்படை.

முட்டி வலி என்று ஒரே வாரத்தில் மூன்று பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். மூவருக்கும் எக்ஸ்ரேயில் ஏறக்குறைய ஒரே அளவு தேய்மானம். ஒருவருக்கு டவுன் பஸ்ஸின் முதல் படியில் கால் வைக்க முடியவில்லை. இன்னொருவர் படியெல்லாம் ஏறுவார், தரையில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். மூன்றாமவர் எல்லாம் செய்கிறார், ஆனால் சமையல்கட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. இந்த மூவருக்கும் ஒரே பயிற்சித் தாளை நீட்டினால் ஒருவருக்காவது அது வீண்.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வகைப்பாடு ஒன்று இருக்கிறது. உடலின் குறையை மூன்று தளங்களில் பார்க்கச் சொல்கிறது. முதலாவது உடலுறுப்பு: மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம். இரண்டாவது செயல்: நடப்பது, எழுவது, குளிப்பது. மூன்றாவது வாழ்க்கையில் பங்கெடுப்பது: வேலைக்குப் போவது, கல்யாணம் காட்சிக்குப் போய்வருவது. மூட்டை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் முதல் தளத்தோடு நின்றுவிட்டோம் என்று அர்த்தம்.

எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எல்லாம் எடுத்தாயிற்றே. அதில் தெரியாதது இதில் என்ன தெரியும்?

ஸ்கேன் பொய் சொல்லாது. ஆனால் அது படுத்திருக்கும் உங்களைப் படம் பிடிக்கிறது. நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது.

முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுக் கட்டுரை ஒன்று 2015இல் வந்தது. வலியில்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வு தேய்மானம் தெரிந்தது. 50 வயதில் 80 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். தலை நரைப்பது மாதிரி ஒரு விஷயம் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் 'ஜவ்வு தேஞ்சு போச்சு, இனி குனியவே கூடாதாம்' என்று பயந்துபோய் வருகிறவரிடம் நான் முதலில் சொல்வது: 'சரி, அந்தக் கவரைக் கொஞ்சம் கீழே வையுங்கள். குனிந்து காட்டுங்கள், எவ்வளவு தூரம் போகிறது பார்ப்போம்.'

ஸ்கேனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எலும்பு முறிவோ, கட்டியோ, நரம்பு அழுத்தமோ சந்தேகம் இருந்தால் அதுதான் வழி. அதை வைத்து உங்கள் அன்றாடத்தை மட்டும் கணிக்க முடியாது.

முதல் நாள் என்னென்ன செய்வீர்கள்?

வாசலிலேயே ஆரம்பித்துவிடும். ஆளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எங்கள் கிளினிக்கில் செருப்பை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். அந்த ஒரு காரியம் பாதி மதிப்பீடு. வார் வைத்த செருப்பென்றால் குனிய வேண்டும், அல்லது ஒற்றைக்காலில் நின்று மறுகாலைத் தூக்க வேண்டும். சிலர் கதவு நிலையைப் பிடித்துக்கொள்வார்கள். சிலர் வலது செருப்பைச் சாதாரணமாகக் கழற்றிவிட்டு, இடது செருப்பை மட்டும் மற்ற காலால் மிதித்து உருவுவார்கள். அந்த இடது பக்க இடுப்பு மடங்குவதில்லை என்று எனக்கு அங்கேயே ஒரு சந்தேகம் விழும். சிலருக்கு மகனோ மகளோ குனிந்து கழற்றிவிடுவார்கள். அதையும் குறித்துக்கொள்வேன்.

அப்புறம் உட்கார வைத்துப் பேச்சு. எப்போதிலிருந்து, எப்படி ஆரம்பித்தது, காலையில் அதிகமா மாலையில் அதிகமா, என்ன மாத்திரை, சர்க்கரை, பி.பி., போன வருடம் எங்காவது விழுந்தீர்களா. அதற்குப் பிறகுதான் மூட்டு அசைவு, தசை பலம், உணர்ச்சி. கடைசியாக நாற்காலி, நடை, சமநிலைச் சோதனைகள். எல்லாருக்கும் எல்லாச் சோதனையும் கிடையாது. தோள் இறுகி வந்தவரை ஆறு நிமிடம் நடக்கவிட்டு என்ன செய்யப் போகிறேன்? அவர் பின்னந்தலையைத் தொட்டுச் சீவ முடிகிறதா, முதுகுப் பக்கம் கை போகிறதா என்று பார்த்தால் போதும்.

பள்ளிக்கூடத்துப் பாகைமானி மாதிரி ஒன்றை முட்டியில் வைத்தீர்களே, அது என்ன?

கோனியோமீட்டர். பாகைமானிக்கு இரண்டு கை முளைத்தது மாதிரி இருக்கும். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று அளக்கிற கருவி.

அந்த எண்ணுக்கு நடைமுறையில் என்ன பொருள் என்று கேட்டால், முட்டியை வைத்துச் சொல்கிறேன். சமதரையில் நடக்க ஏறக்குறைய 60, 65 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்க 80, 90க்கு மேல் வேண்டும். சாதாரண உயர நாற்காலியிலிருந்து எழ 90 தாண்ட வேண்டும். இந்தியன் டாய்லெட்டில் குந்தி உட்கார 130 டிகிரியாவது கேட்கும். ஆக, 110 டிகிரியில் நிற்கிற முட்டி, வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள வீட்டில் பெரிய பிரச்சினை இல்லை. பின்கட்டில் பழைய டாய்லெட் மட்டும் இருக்கிற வீட்டில் அதே 110 தினமும் காலையில் ஒரு போராட்டம்.

ஒரு எச்சரிக்கை. இந்த அளவு ஆளுக்கு ஆள் ஐந்து டிகிரி வரை மாறலாம். என் அளவும் பக்கத்து ஊர் பிசியோவின் அளவும் கொஞ்சம் வேறுபட்டால் யாரோ ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். முடிந்தவரை ஒரே ஆள் அளப்பது நல்லது.

சீட்டில் 'பவர் 3/5' என்று எழுதியிருக்கிறது. அறுபது சதவீதம்தானா?

இல்லை. இது பரீட்சை மார்க் இல்லை, படிக்கட்டு. 0 என்றால் தசையில் துடிப்பே இல்லை. 1 என்றால் தொட்டால் தசை இறுகுவது தெரியும், அசைவு இருக்காது. 2 என்றால் படுக்கையில் பக்கவாட்டில் நகரும், மேலே தூக்க முடியாது. 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கிவிடுவார், ஆனால் நான் லேசாக அழுத்தினாலே விழுந்துவிடும். 4 என்றால் ஓரளவு எதிர்த்துத் தாங்குவார். 5 முழு பலம்.

இதில் 2க்கும் 3க்கும் நடுவே இருப்பது பெரிய தாண்டல். கையைப் படுக்கையிலிருந்து மேலே தூக்கிவிட்டார் என்றால் வீடே கொண்டாடலாம். 4 என்பதோ எதையும் போட்டு அடைக்கிற பரண். லேசான பலவீனமும் அதில்தான், கணிசமான பலவீனமும் அதில்தான். இன்னொன்று: கட்டிலில் உட்கார வைத்துக் கையால் அழுத்திப் பார்த்தால் தொடைத் தசை 5 காட்டும், அதே ஆள் தாழ்வான சோபாவிலிருந்து எழத் தவிப்பார். என் கை பலத்தைவிட அவருடைய உடம்பு எடை அதிகம் இல்லையா! அதனால்தான் அடுத்து நாற்காலி.

கைப்பிடி பலத்தை அளக்கத் தனிக் கருவி உண்டு. வயதானவர்களின் தசை இழப்புக்கு ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் வைத்த வரம்பு ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. அதற்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும்.

அந்த நாற்காலிச் சோதனையை வீட்டில் நாங்களே செய்து பார்க்கலாமா?

தாராளமாக. கைப்பிடி இல்லாத, சுமார் 43 சென்டிமீட்டர் உயர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். சறுக்குகிற பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். நடுவில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். நேரம் முடியும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் ஒன்றாகச் சேர்க்கலாம். கை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம்.

அமெரிக்காவில் முதியோர் விழுவதைத் தடுக்கும் திட்டத்தில் பயன்படுத்துகிற கணக்குப்படி, 65 முதல் 69 வயதுவரை ஆண்களுக்கு 12க்கும் பெண்களுக்கு 11க்கும் குறைந்தால் சராசரிக்குக் கீழே. 75 முதல் 79 வரை 11, 10. 80 முதல் 84 வரை 10, 9. இவை அந்த நாட்டு எண்கள். ஒன்று கூடக் குறைய வந்தால் பதற வேண்டாம். 70 வயதில் ஐந்தாறுதான் முடிகிறது என்றால் பதறாவிட்டாலும் சும்மா இருக்க வேண்டாம்.

இதற்கு ஒரு தம்பிச் சோதனை உண்டு. ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பது. மேலே சொன்ன ஆசியக் குழு 12 வினாடியை வரம்பாக வைத்திருக்கிறது.

பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். எழுந்தவுடன் கண் இருட்டுகிறவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து சில வாரமே ஆனவர்கள் வீட்டில் முயல வேண்டாம்.

தரையில் டேப் ஒட்டி நடந்து திரும்பி வரச் சொன்னீர்கள். அது?

மூன்று மீட்டர் நடை. கைப்பிடி வைத்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நான் சொன்னதும் எழுந்து, மூன்று மீட்டர் தள்ளி உள்ள கோடு வரை உங்கள் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். ஊன்றுகோலோ வாக்கரோ பயன்படுத்துகிறவர் அதோடு நடக்கலாம். 1991இல் கனடாவைச் சேர்ந்த இருவர் நேரக் கணக்கோடு இதை வெளியிட்டார்கள். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழுகிற ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

வினாடியைவிட நான் அதிகம் பார்ப்பது திருப்பத்தை. நல்ல சமநிலை உள்ளவர் இரண்டு மூன்று அடியில் திரும்பிவிடுவார். பார்கின்சன் நோய் உள்ளவர் அந்த இடத்தில் குட்டிக் குட்டியாக ஏழெட்டு அடி வைப்பார், சில சமயம் கால் ஒட்டிக்கொண்டது மாதிரி நின்றுவிடுவார். அப்புறம் உட்காருகிற விதம். நாற்காலி காலின் பின்புறம் தட்டுகிற வரை காத்திருந்து மெல்ல உட்காருகிறாரா, அல்லது ஓரடி தூரத்திலிருந்தே 'அப்பாடா' என்று விழுகிறாரா? இரண்டாவது ஆள் ஒருநாள் நாற்காலி இல்லாத இடத்தில் உட்காருவார். இதெல்லாம் ஸ்டாப்வாட்சில் வராது.

அப்பா இரண்டு முறை வழுக்கி விழுந்துவிட்டார். 'கால் வழுக்கிடுச்சு' என்கிறார். அதற்கும் மதிப்பீடு வேண்டுமா?

கண்டிப்பாக. ஒரு முறை விழுந்ததைத் தரையின் தப்பு என்று சொல்லலாம். இரண்டு முறை என்றால் ஆளையும் பார்க்க வேண்டும்.

பெர்க் சமநிலை அளவுகோல் என்று ஒன்று, 1989இல் வந்தது. 14 காரியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 56. பிடிக்காமல் நிற்பது, கண்ணை மூடி நிற்பது, தரையில் கிடப்பதை எடுப்பது, ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவது, ஒற்றைக்காலில் நிற்பது என்று எல்லாம் அன்றாடச் செயல்கள்தாம். 45க்குக் கீழே வந்தால் எச்சரிக்கை என்பது பழைய வழக்கு. அதை ஒரு மாயக்கோடாக நான் எடுத்துக்கொள்வதில்லை. 47 வாங்கியவரும் விழுவார். எந்தக் காரியத்தில் மார்க் போனது என்பதுதான் முக்கியம். கண்ணை மூடியதும் ஆடுகிறார் என்றால் பாதத்தில் உணர்ச்சி எப்படி என்று பார்ப்பேன். நம் ஊரில் பல நேரம் அதற்குப் பின்னால் பல வருடச் சர்க்கரை இருக்கும். முகம் கழுவும்போது கண்ணை மூடுகிறோம், இரவில் கரண்ட் போகிறது. அவர் விழுந்தது எப்போது என்று கேளுங்கள், பதில் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

நேரமில்லாத நாளில் சுவரோரம் நிற்க வைத்து, கையை முன்னால் நீட்டி, கால் நகராமல் எவ்வளவு தூரம் எட்ட முடிகிறது என்று அளப்பேன். 25 சென்டிமீட்டர் போனால் நிம்மதி. 15க்குக் கீழே என்றால் அன்றே வீட்டாரிடம் பேசுவேன்.

ஆறு நிமிட நடை யாருக்கு? வேகமாக ஓடினால் நல்ல மார்க் கிடைக்குமா?

ஓடக் கூடாது. நுரையீரல், இதய நோயாளிகளுக்கும், நீண்ட நாள் படுக்கையில் இருந்து தேறியவர்களுக்கும் அதிகம் பயன்படுகிற சோதனை இது. 30 மீட்டர் நேரான பாதையில் ஆறு நிமிடம் போய்ப் போய் வர வேண்டும். மூச்சு வாங்கினால் நிற்கலாம், சுவரில் சாயலாம், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் எத்தனை மீட்டர் என்பதுதான் விடை.

நடக்கும்போது நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வருகிறேன் என்று ஒரு தாத்தா கோபித்துக்கொண்டார். காரணம் இருக்கிறது. 'நன்றாகச் செய்கிறீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது' என்பது மாதிரி குறிப்பிட்ட வாசகங்களை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்க நுரையீரல் மருத்துவச் சங்கம் 2002இல் வகுத்த நெறிமுறை. இன்று உற்சாகப்படுத்தி அடுத்த மாதம் சும்மா இருந்தால், கூடக் குறைய வந்தது உங்கள் நுரையீரலாலா என் வாயாலா என்று தெரியாது.

சின்ன கிளினிக்கில் 30 மீட்டர் எங்கே போவது? என்னிடம் இருப்பது 15 மீட்டர் வராந்தா. அதில் திருப்பங்கள் அதிகம், அதனால் தூரம் குறைவாகத்தான் வரும். பெரிய மருத்துவமனையில் எடுத்த அளவோடு இதை ஒப்பிட மாட்டேன், என் வராந்தாவை என் வராந்தாவோடு மட்டுமே ஒப்பிடுவேன். இரண்டு சோதனைகளுக்கு இடையே சுமார் 30 மீட்டர் கூடினால் அது உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவர், நிலையில்லாத நெஞ்சுவலி உள்ளவர் இதைச் செய்யக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120க்கு மேல், அல்லது பி.பி.யின் மேல் எண் 180க்கோ கீழ் எண் 100க்கோ மேல் என்றால் அன்று நடையே இல்லை, டாக்டரிடம்தான் அனுப்புவேன்.

நடை வேகத்தை அளந்து என்ன பயன்?

ரோடு கடக்க முடியுமா என்று தெரியும். பல நாடுகளில் சிக்னலில் பாதசாரிக்கான நேரத்தை வினாடிக்கு சுமார் 1.2 மீட்டர் என்ற வேகத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 0.6 மீட்டர் வேகத்தில் நடக்கிறவர் பாதி ரோட்டில் இருக்கும்போது பச்சை போய்விடும். எங்கள் ஊரில் சிக்னலே இல்லை, அது வேறு கதை.

கேள்வித்தாள் கொடுத்தீர்கள். அதில் பாத்டப், சாக்ஸ், கார் என்று வருகிறது. எங்கள் வீட்டில் அதெல்லாம் ஏது?

இந்தக் குறை எனக்கும் உண்டு. முட்டித் தேய்மானத்துக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற ஒரு கேள்வித்தாளில் சாக்ஸ் போடுவது, சாக்ஸ் கழற்றுவது என்று இரண்டு தனித்தனிக் கேள்விகள், குளியல் தொட்டியில் இறங்கி ஏறுவது ஒரு கேள்வி. சம்மணம் போடுவது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வாழ்நாளில் சாக்ஸே போடாத ஒரு ஆச்சி அதற்கு 'கஷ்டம் இல்லை' என்று டிக் அடித்தார். போடாததில் என்ன கஷ்டம்! கூட்டிப் பார்த்தால் நல்ல மதிப்பெண். அவரோ மூன்று மாதமாகத் தரையில் உட்கார்ந்து கீரை ஆயவில்லை, பூ கட்டவில்லை, வாசலில் கோலம் போடவில்லை.

அதனால் இரண்டு காரியம் செய்கிறேன். ஒன்று, தரையில் உட்கார்ந்து எழும் சோதனை. பிரேசில் நாட்டு மருத்துவர்கள் பிரபலமாக்கியது. உட்காருவதற்கு 5, எழுவதற்கு 5, மொத்தம் 10. கையோ முட்டியோ ஊன்றினால் ஒவ்வொரு ஊன்றலுக்கும் ஒரு மார்க் குறையும், தடுமாறினால் அரை மார்க். பிரேசில்காரர்கள் கண்டுபிடித்திருந்தாலும் நம் வீட்டுக்கே தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. முட்டி மாற்று அறுவை ஆனவருக்கு இதைச் செய்வதில்லை. தரையில் உட்காருவது பற்றி அவருடைய சர்ஜன் சொன்னதுதான் முடிவு.

இரண்டாவது, நோயாளியே பட்டியல் போடும் முறை. 1995இல் கனடாவில் உருவானது. உங்களால் இப்போது செய்ய முடியாத, அல்லது சிரமப்படுகிற மூன்று முதல் ஐந்து காரியங்களை நீங்களே சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை: 0 என்றால் முடியவே முடியாது, 10 என்றால் முன்பு செய்தபடியே முடிகிறது. காசு செலவில்லை, எந்த ஊருக்கும் பொருந்தும். என்னிடம் இதுவரை வந்த பட்டியல்களில் சில: நாற்று நடக் குனிவது, தறிக்குழியில் கால் மாற்றி மிதிப்பது, தொழுகையில் சஜ்தா செய்து எழுவது, கோயிலில் விழுந்து கும்பிடுவது, இடுப்பில் குடம் வைப்பது, பேத்தியைத் தூக்குவது, ஸ்கூட்டர் சென்டர் ஸ்டாண்ட் போடுவது. எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான் அனுமதி என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

பக்கவாதம் வந்தவருக்கு எப்படி அளப்பீர்கள்?

பலம், இறுக்கம், சமநிலை எல்லாம் உண்டு. வீட்டாருக்கு எளிதில் புரிவது பார்தெல் அளவுகோல். 1965இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. சாப்பிடுவது, குளிப்பது, தலைவாரி முகம் கழுவுவது, உடுத்துவது, மலம், சிறுநீர் கட்டுப்பாடு, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படி ஏறுவது என்று 10 தலைப்பு, மொத்தம் 100.

இங்கே ஒரு நுணுக்கம். அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதற்குத்தான் மதிப்பெண், செய்ய முடியும் என்பதற்கு இல்லை. ஒரு வீட்டில் கேட்டேன்: 'ஐயா தானே சாப்பிடுவாரா?' மனைவி சொன்னார், 'இடது கையால எடுத்துச் சாப்பிடுவாருங்க, ஆனா சிந்துவாரு. அதனால நானே ஊட்டிவிட்டுடுறேன்.' உணவுக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பெண் ஊட்டிவிட்ட கையில் போய்விட்டது. அன்பினால் செய்வதுதான், குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: 'அம்மா, கீழே ஒரு பேப்பர் விரியுங்கள், சிந்தட்டும். ஒரு கிண்ணமும் ஸ்பூனும் கொடுங்கள்.' இடது கையால் சாப்பிடுவதற்கு அவரே கூச்சப்பட்டார் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. சொந்தக்காரர்கள் வந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிடுவாராம். எந்த அளவுகோலிலும் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்ப்பதில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா?

நிறைய. கிளினிக்கில் அளந்து வைத்த உயரத்தில் நாற்காலி, வழுக்காத தரை, நல்ல வெளிச்சம். வீட்டிலோ கயிற்றுக் கட்டில் நடுவில் குழிந்திருக்கும், பாத்ரூம் வாசலில் அரையடிக் கட்டை, அதைத் தாண்டினால் ஈரமான மொசைக். கிளினிக்கில் 11 வினாடியில் நடந்து வந்தவர் அந்தக் கட்டையில் அரை நிமிடம் நிற்பார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிசியோதெரபி கொடுப்பதும் ஒரு பகுதி. படுக்கையில் இருப்பவர் வீட்டில் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

போன வாரம் நாற்காலியில் 9, இந்த வாரம் 10. தேறிவிட்டேனா?

சந்தோஷப்படலாம், முடிவு கட்ட வேண்டாம். எந்த அளவிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். காலையில் இறுக்கம் அதிகம், மாலையில் குறைவு. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் வந்தால் ஒரு எண், போடாமல் வந்தால் வேறு எண். முதல் தடவை கூச்சத்தில் சரியாகச் செய்திருக்க மாட்டீர்கள், அடுத்த முறை பழக்கத்தாலேயே ஒன்று கூடும். அதனால் ஒரே நாற்காலி, ஏறக்குறைய ஒரே நேரம், ஒரே மாதிரி மாத்திரை என்று பார்த்துக்கொள்வேன். 0 முதல் 10 வரையான வலிக் கணக்கில் 2 குறைந்தால்தான் பொருட்படுத்துவேன். நீங்களே போட்ட பட்டியலில் ஒரு தனிக் காரியம் 3 புள்ளி உயர வேண்டும், மொத்தச் சராசரி என்றால் 2.

லீவு சர்டிபிகேட்டுக்காகக் கொஞ்சம் மோசமாகச் செய்து காட்டினால் கண்டுபிடிப்பீர்களா?

பெரும்பாலும். குனிந்து கால் விரலைத் தொட முடியாது என்று சொன்னவர் கட்டிலில் காலை நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்து போன் பேசுவார். இடுப்புக்கு இரண்டும் ஒரே கோணம்தான். ஆனால் வேண்டுமென்றே நடிக்கிறவர்கள் ரொம்பக் குறைவு. வலிக்குமோ என்ற பயத்தில் முழு முயற்சி போடாதவர்கள்தான் அதிகம். இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அம்மாவிடம் அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். அந்த அம்மா அப்புறம் வரவில்லை.

என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும்?

முட்டிக்கு மேலே ஏற்றக்கூடிய தளர்வான உடை. புடவையில் வந்தாலும் பரவாயில்லை, நாற்காலி, நடைச் சோதனைக்கெல்லாம் தடையில்லை. மறைப்பு வேண்டும், கூட ஒரு ஆள் நிற்க வேண்டும் என்றால் தயங்காமல் கேளுங்கள். எப்போதும் போடுகிற செருப்பையே போட்டுக்கொண்டு வாருங்கள். இதற்கென்று புதிதாக வாங்கிய ஷூவில் வந்தால் எனக்குத்தான் நஷ்டம்.

எந்த நிலையில் மதிப்பீட்டைப் பிறகு பார்த்துக்கொண்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்?

முதுகு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு போனால், அல்லது உட்காருமிடம் மரத்துப் போனால். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக வலித்தால். வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் துவண்டால். நெஞ்சு வலி. விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டால். காரணமில்லாமல் எடை குறைந்து, காய்ச்சலும் இரவு வலியும் சேர்ந்து வந்தால். இதில் எதற்கும் ஸ்டாப்வாட்ச் தேவையில்லை.

மறுபடி எப்போது அளப்பீர்கள்? அந்தத் தாளை எங்களிடம் கொடுப்பீர்களா?

சாதாரண மூட்டு, முதுகுப் பிரச்சினை என்றால் இரண்டு வாரத்தில் ஒருமுறை, ஆறு வாரத்தில் ஒருமுறை. பக்கவாதம் என்றால் மாதம் ஒருமுறை. தாளைக் கேட்காமலே கொடுத்துவிடுவேன், வேறு ஊருக்குப் போனாலும் அங்கே உள்ள பிசியோ தொடர்ந்து பார்க்கலாம். கீரை ஆய முடியாத அந்த ஆச்சியின் தாளில் இப்போது இருப்பது: நாற்காலி 7லிருந்து 10, முட்டி 112லிருந்து 124, கோலம் 2லிருந்து 6. பக்கத்தில் அவர் பேத்தி பென்சிலில் எழுதியிருக்கிறாள், 'புள்ளிக்கோலம் மட்டும், சிக்குக்கோலம் இன்னும் இல்லை.'